மூன்று நாள் கூட்டம்

“அம்மா, என்னை விட்டுவிடுங்கள். இனி ஒரு கூட்டம்கூட நடத்த என்னால் ஆகாது.”

தெய்வநாயகம் குருவின் முன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வயது அறுபத்திரண்டு. குருவான உமையம்மையைவிடப் பத்து வயது மூத்த சீடர்.

மலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் மடத்தில் தினமும் சோறு உண்டு. ஒரு மாதமாக அடுக்களைக்கு வரும் தண்ணீர் பாதியாகிவிட்டது. கிணறு வற்றுகிறது என்று எல்லோரும் முடிவு கட்டியாயிற்று. அடுப்பை அணைத்துவிடுவதா, புதுக் கிணறு வெட்டுவதா? மடத்தில் இருக்கும் பதினொரு பேரும் மூன்று நாளாகக் கூடுகிறார்கள், கலைகிறார்கள். நாளைக்குச் சோறு உண்டா இல்லையா என்று இன்று சொல்லியாக வேண்டும்.

“ஒரு முடிவுக்கும் வரமாட்டேன் என்கிறார்கள், அம்மா. விளக்கி விளக்கி அலுத்துப்போய்விட்டது.”

“குரல் ஏன் இப்படிக் கரகரக்கிறது?”

“தொண்டை கட்டிக்கொண்டது. மூன்று நாளாக ஓயாத பேச்சு.”

“மற்றவர்கள் தொண்டை?”

தெய்வநாயகம் தொண்டையைத் தடவிக்கொண்டார்.

“நன்றாகத்தான் இருக்கிறது” என்றார் மெதுவாக. வெட்கமாகப் போய்விட்டது.

உமையம்மை கண்ணை மூடிக்கொண்டார்.

அவ்வளவுதானா! இன்னும் இரண்டு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? தெய்வநாயகம் முனகிக்கொண்டே முழங்காலைப் பிடித்து எழுந்தார்.

கூடத்தில் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்போதும் போல அவரே ஆரம்பிப்பார் என்று.

அவர் கதவோரம் திரும்பினார். தண்ணீர் இறைக்கும் பூவாத்தாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளும் அங்கேதான் இருந்தாள்.

“பூவாத்தா, நீ என்னம்மா நினைக்கிறே?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யாரோ செருமினார்கள். தெய்வநாயகத்துக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்ல பதில் ஒன்று தயாராகவே இருந்தது, சனியன். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“கெணத்துல தண்ணி கெடக்குதுங்க, சாமி” என்றாள் பூவாத்தாள். “எனக்குத்தானுங்க கையில வலுவில்லை. போன மாசத்துல இருந்து கயிறு இழுக்க முடியறதில்லீங்க.”

கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தவர் அங்கே ஒருவருமில்லை.

“இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே, ஆத்தா?” என்றார் தெய்வநாயகம்.

“யாராச்சும் கேப்பீங்கன்னுதானுங்க தெனமும் வந்து உக்காந்திருந்தேன்.”