மூடிவைத்த கிண்ணம்

பெண்கள் மனநல வார்டுக்குப் பொறுப்பேற்று பெலிசிட்டா வந்தபோது, அங்கே நெடுநாள் நர்சாக இருந்த குணவதிக்கு அவளைப் பிடிக்கவில்லை. வயதில் சின்னவள். அதிகம் பேசமாட்டாள். எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பாள்.

‘என்னத்தைத் தேடுறா இவ?’ என்று குணவதிக்குத் தோன்றியது.

ஜன்னலோரக் கட்டிலில் சிந்தாமணி என்றொரு நோயாளி இருந்தாள். கொழுந்தன் தன்னைக் கொல்ல ஆள் வைத்திருக்கிறான் என்பாள். சுவரில் ஓடும் பல்லிகள் அவனுக்குச் சேதி கொண்டுபோகின்றன என்பாள். கஞ்சியில் எதையோ கலக்கிறார்கள் என்று முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிவைப்பாள்.

உடம்பு எலும்பும் தோலுமாகிவிட்டது. இன்றும் சாப்பிடாவிட்டால் மூக்கில் குழாய் விட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

குழாய் விடும்போது கையையும் காலையும் பிடித்து அமுக்கவேண்டியிருக்கும். குணவதியால் அதைப் பார்த்துத் தாங்க முடியாது. வேறு வழியின்றி பெலிசிட்டாவிடம் போனாள்.

“சிஸ்டர், அவ சந்தேகத்தை எப்படிப் போக்குறது?”

பெலிசிட்டா எழுந்தாள்.

“அவ கஞ்சி எங்கேக்கா?”

குணவதி சற்றுத் தயங்கி, மூடிவைத்திருந்த கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தாள்.

பெலிசிட்டா அதைக் கட்டிலருகே கொண்டுபோய், ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். குணவதி பின்னால் நின்றாள்.

“சாப்பிடும்மா.”

“நீ தின்னு பாப்போம்” என்றாள் சிந்தாமணி.

பெலிசிட்டா ஸ்பூனால் கஞ்சியை அள்ளி வாயருகே கொண்டுபோனாள்.

குணவதி பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

“வேண்டாம் சிஸ்டர்!”

கஞ்சி பெலிசிட்டாவின் மடியில் கொட்டியது. சிந்தாமணி இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏன் வேண்டாம்? அவங்ககிட்டச் சொல்லுங்கக்கா” என்றாள் பெலிசிட்டா.

குணவதி மெல்லச் சொன்னாள்.

“உன்னோட மாத்திரையைப் பொடிச்சுக் கலந்திருக்கேன்மா. கையில குடுத்தா துப்பிடுறே.”

சிந்தாமணி கத்தவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல.”

“கஞ்சி விஷயத்துல இல்லம்மா” என்றாள் பெலிசிட்டா. “இனிமே கலக்க மாட்டோம்.”

சிந்தாமணி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டாள்.

நர்சுகள் அறைக்கு வந்ததும் குணவதிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

“என்னை வேவு பாத்தீங்களா?”

“அந்த ஒரு கிண்ணத்துக்கு மட்டும் மூடி இருந்துச்சேக்கா.”

“நான் பிடிக்காம இருந்திருந்தா?”

“தின்னிருப்பேன்.”

குணவதி உட்கார்ந்துவிட்டாள்.

“அவ நல்லதுக்குத்தானே செஞ்சேன்?”

“அவ கொழுந்தனும் அப்படித்தான் சொல்லுவான்.”

பெலிசிட்டா டாக்டரைப் பார்த்து நடந்ததைச் சொல்லி, குழாயை ஒருநாள் தள்ளிப்போடக் கேட்டாள். அவர் அரைமனதாகச் சரி என்றார். அன்று மதியம் சோற்றுப் பாத்திரத்தை வார்டின் நடுவில் திறந்துவைத்தார்கள். யாருக்கும் தனிக் கிண்ணம் கிடையாது. நர்சுகளும் அதிலிருந்தே எடுத்துச் சாப்பிட்டார்கள்.

சிந்தாமணி எட்டவே நின்றாள். எல்லோரும் தின்று முடித்த பிறகு வந்து, பாத்திரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். முகர்ந்தாள். தின்றாள். மறுபடி அள்ளினாள். குணவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாத்திரை தனியாக வந்தது. அதன் பெயரையும், எதற்கென்பதையும் குணவதி ஒவ்வொரு வேளையும் சொல்லி உள்ளங்கையில் வைத்தாள். சிந்தாமணி அதை ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். குணவதி திட்டவில்லை. அடுத்த வேளையும் சொன்னாள்.

பல நாள் கழித்து சிந்தாமணி கேட்டாள்.

“இதை முழுங்கினா தூக்கம் வருமா?”

“வரும். வாய் காஞ்சுபோகும், கையும் லேசா நடுங்கும். அதையும் சொல்லிடுறேன்.”

சிந்தாமணி அவளையே உற்றுப் பார்த்தாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

அன்று சாயங்காலம் குணவதி பெலிசிட்டாவிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷமும் இருந்தது, சலிப்பும் இருந்தது.

“மாத்திரை போட்டுக்கிட்டா, சிஸ்டர். சாப்பாட்டைக்கூட இப்போ மோந்து பாக்குறதில்ல. ஆனா பல்லி கொழுந்தனுக்குச் சேதி சொல்லுதுன்னு இன்னும் என் காதுல ஓதுறா. கஞ்சிச் சந்தேகம் போன மாதிரி இது ஏன் போகல?”

“கஞ்சியில அவ சந்தேகப்படலேக்கா. இருந்ததைக் கண்டுபிடிச்சிட்டா” என்றாள் பெலிசிட்டா. “நோயை நாம இப்போதான் பாக்குறோம்.”