இடது பின் சக்கரம்

நாமக்கல்லைத் தாண்டிப் போனால் திருச்சி ரோட்டின் மேல் பூங்கோதையின் டயர் கடை. டயர் மாற்றுவது, பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் அவள்தான். வயது முப்பத்தாறு. அவளிடம் தொழில் கற்றுக்கொள்ள வந்த மருதையனுக்கு ஐம்பத்தெட்டு. அவர் அவளை மேஸ்திரியம்மா என்பார், அவள் அவரை அண்ணா என்பாள். பார்க்கிறவர்களுக்குத்தான் சிரிப்பு, அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

மருதையன் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். ஒருநாள் மலை இறக்கத்தில் அவர் லாரியின் இடது பின் சக்கரம் கழன்று ஓடிப்போய், ஓரமாக இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனுஷரின் காலை வாங்கிவிட்டது. அன்று காலை அந்தச் சக்கரத்து நட்டுகளை முடுக்கியது மருதையன்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அதோடு லாரியை விட்டார். ஒரு சக்கரத்தை ஒழுங்காக மாட்டக் கற்றுக்கொண்டாவது சாக வேண்டும் என்று இங்கே வந்து சேர்ந்தார்.

போன வாரம் பூங்கோதை ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில், சென்னிமலையின் பிக்கப்புக்கு நாலு புது டயரையும் மருதையன் தனியாளாக மாட்டினார். சென்னிமலை முட்டை ஏற்றுகிற ஆள். அன்று பிடித்தது வினை.

"அறுபதைத் தொட்டா வண்டி சாமி வந்த மாதிரி ஆடுதுங்க. தட்டுக்கு நாலு முட்டை ஒடையுது" என்று வந்து நின்றான்.

மருதையன் முன்சக்கரம் இரண்டையும் கழற்றி பேலன்சிங் மிஷினில் போட்டுப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை என்று சைபர் காட்டியது. மாட்டினார். ஆடியது. மறுநாளும் கழற்றினார், மாட்டினார், ஆடியது. மூன்றாம் நாளும் அதே கூத்து. மனுஷருக்குச் சோறு இறங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

நாலாம் நாள் காலையிலேயே சென்னிமலை வந்துவிட்டான். "இன்னைக்கும் சரியாகலீன்னா வேற கடை பாத்துக்கறனுங்க."

தானே சரிசெய்துவிடலாம் என்றிருந்த மருதையன் இப்போது பூங்கோதையிடம் ஓடினார்.

"மேஸ்திரியம்மா, மிஷின் பொய் சொல்லுதுங்களா?"

"எங்கீங்கண்ணா ஆடுது? கையிலீங்களா, இடுப்புலீங்களா?"

"கையிலதானுங்க. ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியல."

"வாங்க, போலாம்."

இந்தத் தடவை அவள் ஓட்டினாள். மருதையன் பக்கத்தில். அறுபத்தைந்து வந்ததும் ஸ்டியரிங்கை இரண்டே விரலால் பிடித்துக்கொண்டாள். அது அசையாமல் நின்றது. ஆனால் சீட்டுக்குக் கீழே திடுதிடுவென்று ஆட்டம்.

"இடுப்புல தெரியுதுங்களா?"

"தெரியுதுங்க."

"அப்ப ஆடறது பின்னாடி. முன்னாடி இல்லீங்க."

"நான் ஓட்டயில கையில ஆடுச்சுங்க மேஸ்திரியம்மா. சத்தியமா ஆடுச்சு."

"ஆடியிருக்கும்" என்றாள் அவள்.

மருதையன் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தார். அவை அப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தன.

கடைக்குத் திரும்பி ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். வலது பின் சக்கரத்தில் ஒரு குறையும் இல்லை. இடது பின் சக்கரத்து நட்டில் ஸ்பேனரை வைத்தார் மருதையன். வைத்ததுமே சுற்றியது. பலம் கொடுக்க வேண்டியதே இல்லை. அடுத்த நட்டும் அப்படித்தான். இன்னும் நாலு நாள் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்.

சக்கரத்தை இழுத்தார். சக்கரம் ஒட்டி உட்கார வேண்டிய பிரேக் டிரம்மின் முகத்தில் சந்தனம். கைநிறைய அப்பி, மேலே குங்குமம் வைத்து, ஒரு வாரச் சூட்டில் ஓடு மாதிரி இறுகிக் கிடந்தது. ஒரு ஓரம் பொடிந்து உதிர்ந்திருந்தது; அந்த இடைவெளியில்தான் நட்டெல்லாம் தளர்ந்திருந்தன.

"இது என்னங்கண்ணா?" என்றாள் பூங்கோதை.

மருதையன் தரையைப் பார்த்தார்.

"மாரியம்மன் கோயில் சந்தனமுங்க."

"நாலு சக்கரத்துக்குமா வெச்சீங்க?"

"இல்லீங்க. இதுக்கு மட்டும்."

சென்னிமலைக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. "ஆயுத பூசைக்கு நானுந்தான் வெக்கறேன். டயருக்கு மேல வெப்பாங்க. உள்ளாறயா கொண்டுபோயி வெப்பாங்க?"

"மேல வெச்சா ரெண்டு மழையில போயிரும்னு..." மருதையன் அந்தச் சந்தனத்தை விரலால் தொட்டார். "போகவே கூடாதுன்னு உள்ள வெச்சனுங்க."

சென்னிமலை அதற்கப்புறம் சிரிக்கவில்லை.

பூங்கோதை கம்பி பிரஷை எடுத்து நீட்டினாள். மருதையன் தேய்த்தார். சந்தனம் போய், அதற்கடியில் துரு போய், வெறும் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தார். சக்கரத்தைத் தூக்கி வைத்தார். அது டிரம்மோடு அப்படியே ஒட்டி உட்கார்ந்தது. ஒரு நட்டு, அப்புறம் அதற்கு எதிர் நட்டு என்று ஆறையும் முடுக்கினார். ஜாக்கியை இறக்கினார். மறுபடி முடுக்கினார். எழுந்தார், இரண்டடி நடந்தார், திரும்பி வந்து உட்கார்ந்து முதல் நட்டில் ஸ்பேனரை வைத்தார்.

"அண்ணா, நேரமாவுதுங்க" என்றான் சென்னிமலை.

மருதையன் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தலையைத் தூக்கினார்.

"மேஸ்திரியம்மா, இறுகிருச்சுன்னு கைக்குத் தெரியுதுங்க. மனசு ஒத்துக்க மாட்டேங்குது. அன்னைக்கும் இறுகிருச்சுன்னுதான் நெனச்சேன். ஒரு மனுசன் காலே போச்சு. இந்தக் கையை நானே எப்படிங்க நம்பறது?"

பூங்கோதை அவர் கையிலிருந்த ஸ்பேனரை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிக்கப்பின் பின்கதவை இறக்கி மேலே ஏறினாள். முட்டைத் தட்டுகளை ஒரு பக்கமாக நகர்த்திவிட்டு, இடது பின் சக்கரத்துக்கு நேர் மேலே, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"நீங்க ஓட்டுங்கண்ணா. எழுபதுல போங்க."

மருதையன் எழுந்து பின்கதவுக்கு ஓடி வந்தார். "எறங்குங்க மேஸ்திரியம்மா. நீங்க ஒருக்கா ஸ்பேனர் வெச்சுப் பாத்துருங்க. நீங்க பாக்கவே இல்லீங்களே!"

"நீங்க பாத்துட்டீங்கல்ல" என்றாள் அவள். "வண்டிய எடுங்க."