எட்டு மணிச் சங்கு, நான்கு தடவை

ஞானக் கதைகளில் வருகிற குருமார்களுக்குப் பெரும்பாலும் தாடி இருக்கும். மெர்லினுக்கு ஹெட்போன் இருந்தது. பெரம்பூரில் ஒரு மாடி அறையில் ஒலிப்பதிவும் எடிட்டிங்கும் சொல்லிக்கொடுத்தாள். வயது முப்பத்து நான்கு. அவளுடைய சீடர்களில் மூத்தவரான தேவசகாயத்துக்கு அறுபத்தொன்று. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள். இதில் இருவருக்கும் சங்கடம் இல்லை.

இந்த வயதில் இதைக் கற்றுக்கொள்ள வந்ததற்குக் காரணம் உண்டு. இளமையில் 'லூப் லைன்' என்ற ராக் குழுவில் அவர் டிரம்ஸ் வாசித்தார். நான்கு பேர் கொண்ட குழு. பதினான்கு மாதம்தான் தாக்குப்பிடித்தது. ஆல்பம் எதுவும் வெளிவரவில்லை. நாற்காலியில் டேப்ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ஆறு கேசட்டுகள்தான் மிச்சம்.

பாடகர் கிளைவ் போன வருடம் ஆஸ்திரேலியாவில், பெர்த் நகரத்தில் இறந்துபோனார். மற்ற இருவரும் தேவசகாயத்தைக் கூப்பிட்டு, இருப்பதையெல்லாம் தொகுத்து ஒரு ஆல்பமாக்கு, அவன் பிள்ளைகளுக்காவது அனுப்பலாம் என்றார்கள்.

மூன்று மாதம் உழைத்து ஆல்பத்தோடு வந்தார். ஏழு பாட்டு. மொத்தம் இருபத்தாறு நிமிடம். மெர்லின் முழுக்கக் கேட்டாள். சுத்தமாக இருந்தது. ஆறு கேசட்டில் இவ்வளவுதானா என்றாள்.

வந்த பாட்டே திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொன்றிலும் நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டேன் என்றார். 'எட்டு மணிச் சங்கு' என்ற பாட்டு மட்டும் நான்கு தடவை இருக்கிறதாம். அதில் எதுவுமே தேறவில்லை என்று அந்தப் பாட்டையே விட்டுவிட்டாராம்.

"நீங்கதானே டீச்சர் சொல்லிக்குடுத்தீங்க, இருக்கிறதுல நல்ல டேக்கை மட்டும் வைக்கணும்னு."

"அது ஒரே நாள்ல எடுத்ததுக்குச் சொன்னது சார். அந்தப் பாட்டுல என்ன தேறல?"

தேவசகாயம் கையிலிருந்த கேபிளைச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார். அந்தப் பாட்டின் கடைசிச் சரணம் வந்தால் அவருக்குக் கை நிற்காது. வேகமெடுத்துவிடுவார். கல்லூரி மைதானத்தில் நடந்த பெரிய போட்டியிலும் அதுவே நடந்தது. குழு தோற்றது. மேடையை விட்டு இறங்கிய கிளைவ் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மாதமே குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். குழுவும் கலைந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தேவசகாயம் மேடையையோ மைக்கையோ ஒருநாளும் குறை சொன்னதில்லை. முப்பத்தாறு வருடமாகப் பழியைத் தன் தலையிலேயே சுமந்தார். பாவம், நல்ல மனிதர்.

"என்னாலதான் எல்லாம் போச்சு. அத அவன் பிள்ளைங்க வேற கேக்கணுமா?" என்றார். குரல் இறங்கியது. "பதினாலு மாசம் இருந்த குழு டீச்சர். ஒண்ணும் சாதிக்கல. இதத் தொகுத்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

மெர்லின் அவர் கொண்டுவந்திருந்த கேசட்டுகளிலிருந்து அந்தப் பாட்டின் நான்கு பதிவுகளையும் எடுத்துத் தேதி வரிசையில் வைத்தாள். ஒவ்வொன்றிலும் கடைசிச் சரணத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். ஹெட்போனை அவரிடம் நீட்டினாள்.

"உங்க டிரம்ஸைக் கேக்காதீங்க சார். மத்த மூணு பேரைக் கேளுங்க."

முதலாவது, குழு தொடங்கிய இரண்டாம் மாதம் எடுத்தது. டிரம்ஸ் வேகமெடுத்ததும் மூவரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். "எங்கடா ஓடுற, வண்டி புடிக்கவா?" என்று கிளைவின் குரல் கேட்டது. தேவசகாயம் தன்னை அறியாமல் சிரித்துவிட்டார்.

இரண்டாவது, ஐந்தாம் மாதம். கிதார் பழைய வேகத்திலேயே பிடிவாதமாக நின்றது. பேஸ் கிதார் டிரம்ஸோடு வந்தது. கிளைவ் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் பாதியில் விட்டுவிட்டார். முடிவு கந்தலாக இருந்தது.

மூன்றாவதில் கிதாரும் வந்துவிட்டது. கிளைவ் மட்டும் ஒரு வரியை விழுங்கிவிட்டு, ஓடி வந்து அடுத்ததைப் பிடித்துக்கொண்டார்.

நான்காவது, அந்தப் போட்டி. தேவசகாயம் இதைப் பிறகு ஒருமுறைகூடக் கேட்டதில்லை, தொகுக்கும்போதும் கேட்காமலே ஒதுக்கியிருந்தார். கண்ணை மூடிக்கொண்டார். சரணம் வந்தது, டிரம்ஸ் பாய்ந்தது. அடுத்த அடிக்குள் மூவரும் அதே வேகத்தில் இருந்தார்கள். கிளைவ் மூச்சு வாங்கினார், ஆனால் ஒரு சொல்லைக்கூட விடவில்லை. கடைசி அடியில் நான்கு பேரும் ஒன்றாக வந்து நின்றார்கள்.

தேவசகாயம் ஹெட்போனைக் கழற்ற வெகுநேரம் ஆனது. கண் கலங்கியிருந்தது.

"இருந்தாலும் வேகந்தானே டீச்சர். தப்புதானே?"

"தப்புதான் சார்," என்றாள் மெர்லின். "மொதல் தடவை நீங்க தனியா ஓடுனீங்க. கடைசித் தடவை, உங்களத் தனியா விட அவங்கள்ல ஒருத்தருக்கும் மனசு வரல."