படிக்காமல் போட்ட கையெழுத்து

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம் படித்துவிட்டு வரும் திட்டத்துக்கு ஒரே ஒரு இடம். துறைத்தலைவர் பரமானந்தத்தின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் விண்ணப்பிக்க முடியாது. மாணவி இசக்கியம்மாள் அவர் முன்னால் போய் நின்றாள்.

"எனக்கு ஏதும்மா நேரம்? நீயே எழுதிட்டு வா. ஒரு வார்த்தை பொய் இருந்தாலும் கையெழுத்து கிடையாது!" என்று உறுமினார்.

மறுநாள் அவள் நீட்டிய தாளில், போனில் பேசிக்கொண்டே கையெழுத்தை இழுத்துவிட்டார்.

தேர்வுக் குழுவில் அவரும் மிடுக்காக உட்கார்ந்திருந்தார். அவர் கையெழுத்திட்ட ஐந்து கடிதங்கள், "முப்பது வருடத்தில் நான் கண்ட தலைசிறந்த மாணவர் இவரே" என்றன. ஆறாவதைத் துணைவேந்தர் உரக்கப் படித்தார்.

"இந்த மாணவியின் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடிதத்தை அவளே எழுதினாள். நான் படிக்காமல் கையெழுத்திட்டேன்."

அறை குலுங்கிச் சிரித்தது.

"இதுல பொய் ஏதாவது இருக்கா சார்?" என்று துணைவேந்தர் பரமானந்தத்தைக் கேட்டார்.

பொய் என்று சொன்னால், இப்படியொரு கடிதத்தைப் படித்துப் பார்த்தே கையெழுத்துப் போட்டதாகிவிடும். "இல்லைங்க," என்று முனகினார் பரமானந்தம்.

"அப்போ ஆறுல நம்பக்கூடியது இது ஒண்ணுதான். மார்க்கும் இவளுக்குத்தான் அதிகம்!"

இடம் இசக்கிக்குக் கிடைத்தது.

மறுநாள் விடுப்புக் கடிதத்தோடு போனாள். இரண்டே வரி. பரமானந்தம் போனை அணைத்தார், கண்ணாடியை மாட்டினார், தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் பேனாவைத் திறந்தார்.