சங்கன் கல்லுக்கு வாரிசு

மிராசுதார் அரங்கநாதர் முதலில் எங்கள் சேரியின் குளத்தைப் பிடுங்கினார். அடுத்து சுடுகாட்டுப் பாதையை. மூன்றாவதாக, மாடு மீட்டு மாண்ட எங்கள் சங்கனின் நடுகல்லைப் பெயர்த்துத் தம் மாளிகையில் நிறுத்தி, கலை என்றார்.

கலைப்பொருள்கள் வந்த வழியைப் பதிய அதிகாரி சாட்சிகளோடு வந்தார்.

“இந்தக் கல் பரம்பரைச் சொத்து. எழுதடா,” என்றார் மிராசுதார், கணக்கெழுதும் எங்கள் சடையனிடம்.

“எழுதிட்டேங்க. நடுகல் செத்தவர் வாரிசுக்குத்தானே சேரும்? அதனால என் முப்பாட்டன் சங்கன் உங்களுக்கும் முப்பாட்டன்னு போட்டிருக்கேன். இத்தனை நாள் தெரியாம நின்னுக்கிட்டே பேசிட்டேன், பங்காளி. கொஞ்சம் தள்ளி உட்காருங்க.”

மிராசுதார் துள்ளி எழுந்தார். “அந்தக் கல்லுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.”

“அதையும் எழுதிக்கிறேங்க.”

அதிகாரி சாட்சிகள் கேட்க உரக்கப் படித்தார்: “கல்லுக்கு உரியவர், மேலச்சேரி சங்கன் வாரிசு சடையன்.”