குருந்தங்குளத்துக்குப் போகும் பஸ்

லூர்துராஜ் இருபத்தாறு வருடம் சென்னையில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஐம்பத்து மூன்றாவது வயதில், விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லித்தர வந்தார். பாடம் தெளிவாகத்தான் நடத்தினார். முதல் பருவத்தில் முப்பத்து நான்கு பேரில் பத்தொன்பது பேர் ஃபெயில்.

துறைத் தலைவர் நப்பின்னை அவரைவிடப் பதினைந்து வயது சிறியவர். நப்பின்னையிடம் படித்தவர்களில் ஃபெயில் ஆனவர்கள் மிகக் குறைவு. லூர்துராஜ் கூச்சத்தை விட்டுப் போய்க் கேட்டார்.

"நீங்க எப்படி மேடம் சொல்லித் தர்றீங்க?"

"நாளையிலேர்ந்து என் வகுப்புல வந்து உட்காருங்க சார்."

அந்தப் பருவத்தில் கல்லூரி பஸ் குருந்தங்குளத்துக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள். அங்கே போய்வந்தால் முதல் வகுப்புக்கு எல்லோரும் தாமதமாக வருகிறார்கள் என்பது காரணம். அந்த ஊர்ப் பெண்கள் மூன்று பேர் மெயின் ரோடு வரை நான்கு கிலோமீட்டர் நடந்தார்கள். மாதம் முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடலாம் என்று அவர்கள் வீடுகளில் பேச்சு. மூவரில் ஒருத்தி காளீஸ்வரி, நப்பின்னையின் மாணவி. வகுப்பில் வாய் திறக்காதவள்.

நப்பின்னை அதையே பாடமாக வைத்தார். பதினோரு ஊர், ஒரு பஸ். ஒன்பதரைக்குள் கல்லூரி வந்து சேர வேண்டும். வழி கண்டுபிடிக்கும் புரோகிராமை மாணவர்களே எழுத வேண்டும். மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது.

லூர்துராஜ் தணிந்த குரலில் சொன்னார். "அரை மணி நேரத்துல நானே எழுதித் தந்துடுவேன் மேடம். மூணு பொண்ணுங்க படிப்பு."

"தெரியும் சார். உட்காருங்க."

முதல் வாரம் கம்ப்யூட்டர்களைத் திறக்கவே இல்லை. மாணவர்கள் பெஞ்சுகளை மைதானத்துக்குத் தூக்கிப் போனார்கள். பெஞ்சுக்கு ஒரு ஊர். பஸ்ஸாக ஒருவன் நடந்தான், ஓர் அடி என்றால் ஒரு நிமிடப் பயணம் என்று கணக்கு. காளீஸ்வரி அடிகளை எண்ணினாள். நான்காம் நாள், பஸ் ஒரே ரோட்டு முக்கை இரண்டு தடவை தாண்டுகிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள்.

பிறகு லேபில் எழுதத் தொடங்கினார்கள். எழுதியது ஓடவில்லை. யாராவது திணறினால் லூர்துராஜின் கை தானாக அவர்கள் கீபோர்டுக்குப் போகும். அப்போதெல்லாம் நப்பின்னை அவரை டீ குடிக்க அழைத்தார். முதல் நாள் மட்டும் நான்கு டீ. மூன்றாம் நாள் லூர்துராஜ் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அது அவருக்குப் பெரும்பாடாக இருந்தது.

இருபதாம் நாள் புரோகிராம் ஓடியது. நாற்பது வரியில் முடிவதை முந்நூறு வரியில் எழுதியிருந்தார்கள். ஆனால் வழி கிடைத்தது. குருந்தங்குளத்தையும் சேர்த்து ஒன்பது இருபத்து நான்குக்குக் கல்லூரி. முதல்வர் தாமே பஸ்ஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். அடுத்த திங்கட்கிழமை மூன்று பெண்களும் தங்கள் ஊரிலேயே பஸ் ஏறினார்கள்.

அந்த வாரமே பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு கல்லூரியைப் பார்வையிட வந்தது. அவர்களுக்குப் புரோகிராமை விளக்க, நன்றாகப் பேசும் பையன் ஒருவனை லூர்துராஜ் தயார் செய்து வைத்திருந்தார். நப்பின்னை காளீஸ்வரியை அனுப்பினார்.

அவள் மெல்லிய குரலில், தடுமாறாமல் விளக்கினாள். குழுத் தலைவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "பாலத்து வேலைன்னு நடுவுல ஒரு ரோட்டை மூடிட்டா உங்க புரோகிராம் என்னம்மா செய்யும்?" என்றார்.

காளீஸ்வரி திரையைப் பார்த்தாள். பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரியல சார். ஒரு மணி நேரம் கொடுங்க."

அவர் தலையசைத்தார். அவள் வகுப்புத் தோழர்களைக் கூட்டிக்கொண்டு லேபுக்கு நடந்தாள். குழுவினர் நூலகம் பார்க்கப் போனார்கள்.

வராந்தாவில் லூர்துராஜ் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"இவ்வளவு செஞ்சும், கடைசியில தெரியலைன்னு சொல்லிட்டாளே மேடம்."

நப்பின்னை லேப் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை லூர்துராஜ் அதுவரை பார்த்ததில்லை.

"அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னாளே சார். அது உங்க காதுல விழலையா?"