வேகாத உலை

அந்த அரசுப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியர் திருவேங்கடம் வைத்ததுதான் சட்டம். நன்றாகப் படிக்கிற நாற்பது பிள்ளைகளைப் பொறுக்கி 'நட்சத்திர வகுப்பு' என்று பேர் வைத்தார். இருந்த மூன்று வாத்தியார்களையும் அதற்கே கொடுத்தார். மிச்சப் பிள்ளைகள் 'மக்குகள்' என்று ஒதுக்கப்பட்டு, பின்கட்டில் வாத்தியாரே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். சத்துணவு சமைக்கும் செங்கமலத்தின் மகளும் அங்கேதான் இருந்தாள்.

கல்வி அதிகாரி வருகிற நாளன்று விறகு போதவில்லை.

"ஒரு அடுப்புக்குத்தான் காணும் ஐயா," என்றாள் செங்கமலம்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. பன்னிரண்டு மணிக்கு ரெண்டு உலையும் வெந்திருக்கணும். இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

பன்னிரண்டு மணிக்கு அதிகாரி சாப்பாட்டை ருசி பார்க்க வந்தார். முதல் பானையில் சோறு பூவாக இருந்தது. இரண்டாவதில் அரிசி பச்சைத் தண்ணீரில் கிடந்தது.

"இதென்னம்மா?"

"அது மக்கு அரிசிங்க. முதல் பானை சீக்கிரம் கொதிச்சுது, விறகு மொத்தத்தையும் அதுக்கே வச்சேன். இதையும் அப்பப்போ தொட்டுப் பார்த்தேன், சூடே ஏறலை."

அதிகாரி சிரித்தார். "ரெண்டும் ஒரே மூட்டை அரிசி. அடுப்பே மூட்டாம எப்படி வேகும்?"

"எங்க பெரிய சாரைக் கேளுங்க ஐயா. அவருகிட்ட கத்துக்கிட்டதுதான்," என்று பின்கட்டைக் கை காட்டினாள்.

அதிகாரி பின்கட்டுக்குப் போய், வாத்தியார் இல்லாத வகுப்பைப் பார்த்தார். பக்கம் பக்கமாகக் குறிப்பெழுதிக்கொண்டு போனார்.

பின்கட்டுப் பிள்ளைகள் அன்று பட்டினியோடு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் அதிகாரியின் உத்தரவில் ஒரு வண்டி விறகு வந்து இறங்கியது. பின்கட்டுக்கு வாத்தியார் மட்டும் வரவேயில்லை.